மொட்டை மாடியில் ஒரு கோடு

அண்ணியை நாத்தனார் புகழ்ந்தால் ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும்.

என் அண்ணி ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தபால்வழிப் பட்டப்படிப்பின் நேர்முக வகுப்புக்குப் போவார். பாடம், தத்துவம். “அது சோறு போடுமா?” என்று அண்ணன் கேலி செய்வான். “சோறுதான் நான் போடுறேனே” என்பார் அண்ணி.

நாங்கள் இருப்பது ஐந்து மாடிக் கட்டடம், இருபது வீடுகள். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. மேல்தளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருநாள் மீந்துபோன வெள்ளை பெயின்ட்டை எடுத்துப்போய் மாடியின் நடுவே கோடு இழுத்தார். “மழை பெஞ்சா ஒழுகுறது என் வீட்ல. அதனால இந்தப் பக்கம் எனக்கு” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. ஆறே மாதத்தில் கோட்டின் மேல் கம்பிவலை வந்தது. வலைக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு. வெயில் நன்றாக விழும் பக்கம் அதுதான். தனக்கு வேண்டப்பட்ட நான்கு வீடுகளுக்கு மட்டும் சாவி கொடுத்தார். எங்கள் வீடும் அதில் ஒன்று.

ஒரு ஞாயிறு, அண்ணியின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு நானும் வகுப்புக்குப் போனேன். கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. மனிதருக்குள் ஏற்றத்தாழ்வு எப்படித் தொடங்கியிருக்கும் என்று பேராசிரியை கேட்டார். ஒருவர் உடல்பலம் என்றார், இன்னொருவர் புத்தி என்றார். அண்ணி எழுந்து மாடிக் கதையைச் சொன்னார்.

“ஆக, முதல்ல வேலி போட்டவர்தான் காரணம்ங்கிறீங்க?” என்றார் பேராசிரியை. “அப்பாவி ஜனங்க அதை நம்பிட்டாங்க, இல்லையா?”

“நாங்க நம்பவே இல்ல மேடம். தப்புன்னு தெரியும். எதுக்கு வம்புன்னு சுத்திப் போனோம்.” அண்ணி கொஞ்சம் நிறுத்தினார். “அது மட்டும் இல்ல. சாவி கைக்கு வந்ததும் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. சாவி இல்லாத பதினஞ்சு வீட்டைவிட நான் ஒரு படி மேலன்னு தோணுச்சு. பூட்டைக் காப்பாத்துனது அவர் இல்ல. நான்தான்.”

பேராசிரியை பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி நேராக ஐந்தாம் மாடிக்கு ஏறினார். “சார், எல்லாருக்கும் இல்லாத சாவி எங்களுக்கும் வேண்டாம்.”

“உங்களுக்கு நல்லது பண்ணதுக்கு இதுவா மரியாதை?” குமாஸ்தாவின் முகம் சுண்டிப்போனது.

மற்ற மூன்று வீட்டுக்காரர்களிடமும் அண்ணி பேசினார். இரண்டு பேர் உடனே சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாமவர் நான்கு நாள் முறைத்துவிட்டுக் கொடுத்தார். அந்த வாரக் கடைசியில் வண்டி நிறுத்தும் இடத்தில் கட்டடத்தார் எல்லோரும் கூடினோம்.

“நிஜமாவே உங்க வீட்ல ஒழுகுதா?” என்றான் அண்ணன், குமாஸ்தாவைப் பார்த்து.

“ஆமா! யாராவது வந்து எட்டிப் பாத்தீங்களா?”

“பாக்கல. அது எங்க தப்பு சார்,” என்றார் அண்ணி. “ஒழுகுறதை எல்லாரும் சேந்து அடைப்போம். நீங்க கதவைக் கழட்டுங்க.”

அவர் வீட்டுக்குப் போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்.

அடுத்த ஞாயிறு இருபது வீட்டுக்காரர்களும் மாடியில் விரிசல்களைக் கொத்திச் சிமெண்ட் பூசினோம். அண்ணி முழங்கை வரை சாந்தோடு குனிந்திருந்தார். குமாஸ்தாதான் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டடத்து மாடியிலிருந்து ஒருவர், “அந்தம்மா யாரு, இன்ஜினியரா?” என்று கத்தினார்.

“இல்லீங்க, தத்துவம் படிக்கிறவங்க,” என்று பதிலுக்குக் கத்தினேன். அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும்.