கேட்காமல் அழுத்திய பொத்தான்

பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த அந்த மருந்துக் கடையில், கார்டு மெஷினை நாலு ஸ்க்ரூ போட்டு மேஜையோடு இறுக்கியிருந்தார்கள். யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் அல்ல. அதன் திரை தப்பித் தவறிக்கூட வாங்குகிறவர் பக்கம் திரும்பிவிடக் கூடாது, அதற்காக. இரகசிய எண்ணை அடிக்க மட்டும் ஒரு சின்னப் பெட்டியை வயரோடு வெளியே நீட்டி வைத்திருந்தார்கள். அதில் நட்சத்திரக் குறிகளைத் தவிர வேறொன்றும் தெரியாது.

கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண்ணை எல்லோரும் கல்லாக்கா என்றே கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு வயது. கணவர் பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள். கல்லாக்கா காலையில் கல்லாவைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கடவுளை நினைப்பாள். யார் மனமும் நோகாமல் இன்றைய பொழுது போக வேண்டும் என்று கேட்டுக்கொள்வாள். பிறகு கண்ணைத் திறந்து வேலையைத் தொடங்குவாள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு நோயாளிகள் நிறைய வருவார்கள். அவர்களுடைய கார்டை மெஷினில் செருகினால் திரையில் ஒரு கேள்வி வரும். இந்த ஊர்ப் பணத்தில் எடுக்கவா, கார்டுக்காரரின் சொந்த ஊர்ப் பணத்தில் எடுக்கவா? முதலாவதற்குச் சிவப்புப் பொத்தான், இரண்டாவதற்குப் பச்சை. சிவப்பை அழுத்தினால் அவர்களுடைய பேங்க் தன் விலையில் கணக்குப் போட்டுக்கொள்ளும். பச்சையை அழுத்தினால் மெஷின் கம்பெனி தன் இஷ்டத்துக்கு ஒரு விலை வைத்து மாற்றும். நூற்றுக்கு எட்டு வரை கூடுதலாகப் போகும். அந்த எட்டில் இரண்டு கடைக்கு வரும்.

கேட்க வேண்டியது வாங்குகிறவரை. ஆனால் முதலாளியின் உத்தரவு வேறு. "கேட்டா யோசிப்பாங்க. யோசிச்சா வரிசை நிக்கும். வரிசை நின்னா வியாபாரம் கெடும். பச்சைய அழுத்திட்டுப் போய்க்கிட்டே இரு." கடைக்குள்ளே ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்தக் கல்லாவில் எத்தனை பச்சை என்று வாரா வாரம் அதில் எழுதுவார்கள். பதினாலு மாதமாகக் கல்லாக்காவின் பெயர்தான் மேலே.

"அக்கா தூக்கத்துலகூட பச்சையத்தான் அழுத்துவாங்க" என்பான் மருந்து எடுத்துக் கொடுக்கும் தாடிக்காரன். "வீட்ல கேஸ் அடுப்புக்குப் பச்சை பொத்தான் வச்சிடாதீங்க, அண்ணன் பாவம்."

"போடா வேலையப் பாரு" என்று அவளும் சிரிப்பாள்.

அவள் கெட்டவள் அல்ல. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கோபப்பட வேண்டிய இடம் இதுதான். அவள் நல்லவள். பதினொரு நாளாக வந்துகொண்டிருந்த அந்தத் தையற்காரியைக் கேட்டால் அப்போது அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

தையற்காரி வேறு நாட்டுக்காரி, ஆனால் பேச்சு நம் பேச்சுதான். கணவருக்கு இருதயத்தில் அறுவை சிகிச்சை. தினமும் மத்தியானம் சீட்டோடு வந்து மருந்து வாங்கிப் போவாள். முதல் நாள் அவள் கால் வீங்கி நின்றதைப் பார்த்துக் கல்லாக்கா தன் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். இரண்டாம் நாள் வெந்நீர் கொடுத்தாள். "சாப்பிட்டியா தங்கச்சி? நீ விழுந்துட்டா அவரை யாரு பாப்பா?" என்று அதட்டினாள். தையற்காரி கண் கலங்கி, "கூடப் பிறந்தவகூட இப்படிக் கேக்கலக்கா" என்றாள்.

அந்தக் கண்ணீரைத் துடைக்கச் சொல்லிவிட்டு, கார்டை வாங்கிச் செருகி, கல்லாக்கா பச்சையை அழுத்தினாள். பதினொரு நாளும் அழுத்தினாள், பதினொரு பில்லிலும் கையெழுத்து வாங்கினாள். கை தானாகவே அங்கே போயிற்று. மனம் அதைப் பார்க்கவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் தையற்காரி கொஞ்சம் சிரித்த முகத்தோடு வந்தாள். மறுநாள் காலையில் விமானம். கடைசிச் சீட்டு. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி, நாளுக்கு ஒன்றாக முப்பது நாளைக்கு முப்பது. ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் அடிக்கோடு போட்டிருந்தார்.

தாடிக்காரன் முப்பதையும் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் அடுக்கினான். கல்லாக்கா கார்டைச் செருகினாள். பச்சை. மெஷின் முனகியது. பணம் போதவில்லை.

"மறுபடி பாருங்கக்கா."

மறுபடியும் அதேதான்.

"இருக்காதே" என்றாள் தையற்காரி. "இதுக்குன்னே ஒதுக்கி வச்ச பணம்க்கா. முதல் நாளே டாக்டர்கிட்ட விலை கேட்டு, எங்க பேங்க்லயும் என்ன கணக்குன்னு கேட்டு எழுதிக்கிட்டுத்தான் வந்தேன். நான் துணி வெட்டறவ. ரவிக்கைக்கு எவ்வளவு வேணும்னு அளக்காம கத்திரி எடுக்க மாட்டேன். துணி குறையுதுன்னா என் அளவு தப்பில்ல, எங்கேயோ யாரோ நறுக்கியிருக்காங்க."

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். பதினொரு பில்களும் அதில் தேதிவாரியாக இருந்தன. மேஜை மேல் பரப்பினாள். தன் சின்ன நோட்டையும் பக்கத்தில் விரித்தாள். விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் நிமிர்ந்தாள்.

"அக்கா, நான் மருந்து வாங்கினது உங்க ஊர்ல. பில்லுல ஏன் எங்க ஊர்ப் பணத்துல எழுதியிருக்கு?"

கல்லாக்கா பில்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

வரிசை நீண்டது. உள்ளே இருந்த முதலாளி சத்தம் கேட்டு வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் காலை வழிபாட்டின் அடையாளம் கலையாமல் இருந்தது. விஷயத்தைக் கேட்டார், பில்லை எடுத்தார், அடியில் எறும்பு வரிசை போல இருந்த எழுத்தைக் காட்டினார்.

"படிங்கம்மா. 'இரண்டு வழியும் எனக்குச் சொல்லப்பட்டது, நானே இதைத் தேர்ந்தெடுத்தேன்.' கீழ கையெழுத்து உங்களதுதானே? உங்க ஊர்ப் பணத்துல பாத்தா உங்களுக்குக் கணக்குப் புரியும்னு ஒரு வசதி. நாங்க என்ன திருடவா செஞ்சோம்?"

"எனக்கு யாரும் சொல்லலயே!"

"சொல்லாம கையெழுத்து எப்படி வரும்? சரி, வரிசை நிக்குது. இந்தப் பில்லெல்லாம் கழிச்சா கார்டுல மீதி இருக்கற பணத்துக்கு இருபத்தாறு ஊசி வரும். அத வாங்கிட்டுப் போங்க. மீதி நாலு உங்க ஊர்ல பாத்துக்கலாம்."

"எங்க ஊர்ல இது கிடைச்சா நான் ஏன்யா கடல் தாண்டி வர்றேன்?" தையற்காரியின் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே கோபம் ஏறியது. "முப்பதுல நாலு நாளு. எந்த நாலு நாளு விடணும், நீங்களே சொல்லுங்க. முதல் நாலா? கடைசி நாலா? செவ்வாக்கிழமை ஊசி இல்லன்னு அவரு நெஞ்சுகிட்ட நான் சொல்லிக்கவா?"

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தையற்காரி கல்லாக்கா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அவரு கிடக்கட்டும். நீங்க சொல்லுங்க. பதினொரு நாளும் நீங்கதான் கார்டு வாங்கினீங்க. என்னைக் கேட்டீங்களா?"

கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை இருக்கும். மகளின் அடுத்த தவணை கட்டலாம். தாளில் பெயர் மேலேயே இருக்கும். முதலாளி அந்த வார்த்தைக்காகத்தான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தலையை லேசாக ஆட்டிக்கூடக் காட்டினார்.

"கேக்கல" என்றாள் கல்லாக்கா.



"ஒரு நாளும் கேக்கல தங்கச்சி. இந்த மெஷின் கேட்டுச்சு. உனக்குப் பதிலா நானே பதில் சொல்லிட்டேன்."

தையற்காரி அவளையே பார்த்தாள். அழுவாள் என்று கல்லாக்கா நினைத்தாள். அவள் அழவில்லை.

"ஸ்டூல் போட்டீங்க. வெந்நீர் கொடுத்தீங்க. சாப்பிட்டியான்னு தினம் கேட்டீங்க. எல்லாம் கேட்டீங்களே, கேக்க வேண்டிய ஒண்ணை மட்டும் ஏன்க்கா கேக்கல? நீங்க மூஞ்சியச் சுளிச்சு, எரிஞ்சு விழுந்து, இதை மட்டும் கேட்டிருந்தா இன்னிக்கு என் வீட்டுக்காரருக்கு முப்பது ஊசி இருந்திருக்கும்."

அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பதினாலு மாதமாக உள்ளே எங்கோ தூங்கிக்கொண்டிருந்த ஒன்று கல்லாக்காவுக்குள் எழுந்து உட்கார்ந்தது. அது முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபமாக மாறியது. அந்தக் கோபத்தில் பாதி அவள் மேலேயே பாய்ந்தது.

அவள் மேஜை டிராயரிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள். அதன் முனையை ஸ்க்ரூவில் கொடுத்துத் திருகினாள்.

"ஏய், என்ன செய்யற?" என்றார் முதலாளி.

"இது முகத்தைத் திருப்பறேன்."

"உனக்குப் பைத்தியமா?"

"பதினாலு மாசமா இருந்தது முதலாளி. இப்பத்தான் தெளிஞ்சிருக்கு." ஒரு ஸ்க்ரூ மேஜையில் உருண்டது. "காலையில நீங்களும் கண்ணை மூடிக் கும்பிடறீங்க, நானும் கும்பிடறேன். கும்பிட்டு முடிச்ச கையோட நோயாளி பொண்டாட்டி மடியில இருக்கற காசுல கைய வைக்கறோம். கடவுள் நமக்குக் கண்ணைக் கொடுத்தது எதுக்கு? அடுத்தவங்க பார்வையில படாம மெஷின வைக்கறதுக்கா?"

நாலாவது ஸ்க்ரூவும் வந்தது. அவள் மெஷினைத் தூக்கி வரிசையில் நின்றவர்கள் பக்கம் வைத்தாள். தையற்காரியின் கார்டைச் செருகினாள். கேள்வி வந்தது. வரிசையில் இருந்த நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுதான் அந்தக் கேள்வி. எல்லாரும் பாத்துக்குங்க."

கம்பு ஊன்றி நின்ற ஒரு பெரியவர் தன் சட்டைப் பையிலிருந்து கசங்கிய பில்லை எடுத்தார். "எனக்கும் எங்க ஊர்ப் பணத்துல போட்டிருக்கே! என்னையும் யாரும் கேக்கலயே!" பின்னால் நின்ற பெண் கைப்பையைத் துழாவத் தொடங்கினாள். "இதையும் பாருங்கய்யா." மூன்றாவதாக ஒருவர் செல்போனை எடுத்து மெஷினைப் படம் பிடித்தார்.

முதலாளியின் முகம் வெளுத்தது. "படம் எடுக்காதீங்க. இங்க எடுக்கக் கூடாது."

"எங்க பணத்தை மட்டும் எங்களைக் கேட்டுட்டா எடுத்தீங்க?" என்றார் பெரியவர்.

தாடிக்காரன் அதுவரை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இப்போது குளிர்ப்பெட்டியை மெதுவாக முன்னால் தள்ளினான். "முதலாளி, நாலு ஊசிதான். கொடுத்துடுவோம். அவங்ககிட்ட நாம எடுத்தது அதுக்கும் மேலயே இருக்கும்."

"எடுத்தது நானா? கம்பெனி ஆறு எடுக்குது, எனக்கு ரெண்டுதான் வருது!" என்று கத்திவிட்டு, என்ன சொன்னோம் என்பது உறைத்ததும் முதலாளி வாயை மூடினார். வரிசையே அதைக் கேட்டுவிட்டது. "கொடுத்துத் தொலை" என்றார்.

இருபத்தாறு ஊசிக்குச் சிவப்புப் பொத்தானைத் தையற்காரியே அழுத்தினாள். நாலு ஊசிக்குக் கடை பில் போடவில்லை. ஆனால் கல்லாக்கா அதோடு விடவில்லை. கடையின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து, பதினொரு தேதிகளையும் எழுதி, "இந்த நாட்களில் வாடிக்கையாளரிடம் கேட்காமல் நான் அழுத்தினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இதையும் பில்லையும் உன் பேங்க்ல கொடு. கேக்காம எடுத்தாங்கன்னு புகார் எழுது. திரும்ப வருமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா எழுதாம இருந்துடாத."

தையற்காரி தாளை வாங்கிப் படித்தாள், நாலாக மடித்தாள். பரவாயில்லைக்கா என்று சொல்லவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தாள். அந்த ஒரு சொல்லைக் கேட்கக்கூடத் தனக்கு அருகதை இல்லை என்று கல்லாக்கா நினைத்தாள்.

"நாளையில இருந்து நீ வர வேணாம்" என்றார் முதலாளி.

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு?" என்று பையை எடுத்துக்கொண்டு அவள் இறங்கினாள். மகளுக்கு என்ன சொல்வது, டயர் மாற்றும் மனிதருக்கு என்ன சொல்வது என்று வழியில் நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் கால் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, வெளிநாட்டு நோயாளிகள் பதிவு செய்யும் கூடத்துக்குப் போயிற்று.

அங்கே வரிசையாக நாற்காலிகள். சூட்கேசும் எக்ஸ்ரே உறையுமாகப் புதிதாக வந்திறங்கிய குடும்பங்கள். ஓரத்தில் ஒரு நடுத்தர வயதுக்காரர், பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு விசிறிக்கொண்டே கையில் கார்டைத் தயாராக வைத்திருந்தார். கல்லாக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்த கார்டை இங்க எங்க கொடுத்தாலும், ஆஸ்பத்திரியோ ஓட்டலோ கடையோ, மெஷின என் பக்கம் திருப்புங்கன்னு சொல்லுங்க. எந்த ஊர்ப் பணத்துலன்னு அது கேக்கும். இந்த ஊர்ப் பணத்துலயே எடுங்கன்னு சொல்லுங்க. பில்லப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க."

அவர் சந்தேகத்தோடு பார்த்தார். "வரிசை நிக்கும்போது எப்படிம்மா இதெல்லாம் கேக்கறது? கூச்சமா இருக்காதா? அதுசரி, நீ யாரு? உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்?"

"இத்தனை நாளா கேக்காம அழுத்தின கை என்னோடதுதான்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தாமலே. பக்கத்து நாற்காலிகளில் தலைகள் திரும்பின. "கேட்டு வாங்கினா அது வியாபாரம். கேக்காம எடுத்தா, சிரிச்சுக்கிட்டே எடுத்தாலும், கூடவே வெந்நீர் கொடுத்தாலும், அது திருட்டுத்தான். நீங்க கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்கண்ணே. கூச்சப்பட வேண்டியவங்க நாங்க."