கவிழ்ந்து கிடந்த சிப்பிகள்

வீட்டில் எல்லோருக்கும் அவள் "சிப்பி"தான். கல்லாகிப்போன சிப்பிகளை இனம் பார்த்துப் பிரித்து வைப்பது அருங்காட்சியகத்தில் அவள் வேலை. கல்யாணப் பேச்சு எடுத்தால், "இது எந்தக் காலத்துச் சிப்பின்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று நழுவிவிடுவாள். அன்றைக்கு அவள் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்க்கக் கிளம்பியபோது அக்காவும் தொற்றிக்கொண்டாள். அக்கா நர்ஸ். முழங்காலில் ஆபரேஷன் முடிந்து விடுப்பில் இருந்தவளுக்கு, வீட்டுக்குள்ளேயே கிடந்து பைத்தியம் பிடிக்காத குறை.

காலையில் பெரிய பாறைச்சரிவில் வேலை சுளுவாக நடந்தது. கீழடுக்கில் திருகு நத்தைகள், மேலடுக்கில் தடித்த சிப்பிகள். சிப்பிகளின் குழிந்த ஓடு அடியில், தட்டை ஓடு மூடி மாதிரி மேலே. கடலடியில் உயிரோடு எப்படிப் படுத்திருந்தனவோ அப்படியே.

சாப்பிட நிழல் தேடி, சற்றுத் தள்ளித் துருத்திக்கொண்டிருந்த இன்னொரு பாறையடிக்குப் போனார்கள். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். தங்கைக்குக் கை சும்மா இருக்குமா? பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு லென்ஸைக் கண்ணில் வைத்தாள்.

ஒரு சிப்பி கவிழ்ந்து கிடந்தது. அலை புரட்டியிருக்கும் என்று விட்டாள். அடுத்ததும் கவிழ்ந்திருந்தது. அதற்கடுத்ததும். கழுவிக் கவிழ்த்த கிண்ணங்கள் மாதிரி, ஒன்றுவிடாமல். அண்ணாந்து பார்த்தாள். கீழே இருக்க வேண்டிய நத்தைகள் தலைக்கு மேலே இருந்தன.

இது மலையோடு ஒட்டிய பாறையே இல்லை. எப்போதோ மேலேயிருந்து உடைந்து, தலைகீழாக வந்து விழுந்தது. எதன்மேல் நிற்கிறது? குனிந்து அடியில் விரல் வைத்தாள். மழையில் ஊறிய களிமண். விரல் பாதி உள்ளே போனது.

"அக்கா, எந்திரி."

"இப்பதானடி உக்காந்தேன்."

"இது மேலேருந்து விழுந்த பாறைக்கா. எந்திரி!"

"அதான் விழுந்துடுச்சே. மறுபடியுமா விழப்போகுது?" அக்கா சிரித்தாள்.

அப்போது மலைக்குப் பின்னாலிருந்த குவாரியில் சங்கு ஊதியது. "சங்கு ஊதினா வெடி வைப்போம், பயப்படாதீங்க, கல்லு அவ்வளவு தூரம் வராது" என்று காலையில்தான் குவாரி மேஸ்திரி சொல்லியிருந்தார். கல் வராது. அதிர்வு வருமே!

தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பு நின்றது. "கை குடு" என்றாள். எழுந்தாள், முழங்கால் மடங்கி விழுந்தாள். தங்கை அவளுடைய அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். சரளைக்கல்லில் செருப்பு வழுக்கியது. விட்டுவிட்டு ஓடு என்று உள்ளே எதுவோ கத்தியது. அது தன் குரல்தான் என்று தெரிந்தபோது, பாறையைவிட அதுதான் அவளை நடுங்க வைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவை நிழலைத் தாண்டி வெயில்வரை இழுத்து வந்தாள்.

வெடித்தது. காலடியில் தரை ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. பாறை அப்படியே நின்றது.

"பாத்தியா, இதுக்குப் போய்..." என்று அக்கா வாயைத் திறந்தாள்.

பாறை சத்தமில்லாமல் ஒரு முழம் கீழே இறங்கியது. மெல்லச் சாய்ந்தது. பிறகு மொத்தமாகக் கவிழ்ந்தது. புழுதி இருவர் மேலும் வந்து மூடியது. இருமல் அடங்கிப் பார்த்தபோது, அவர்கள் உட்கார்ந்திருந்த இடமே இல்லை.

மேஸ்திரி ஆட்களோடு ஓடிவந்தார். பேயறைந்தவர் மாதிரி நின்றவர், குவாரி ஆட்களும் மத்தியானம் அங்கேதான் வந்து படுப்பார்கள் என்றார். அன்றே கம்பி கட்டி வழியை அடைத்தார்கள்.

காரில் சாவியைத் துளையில் நுழைக்க முடியாமல் தங்கையின் கை உதறியது. அக்கா அந்தக் கையைப் பிடித்து, நாடி பார்ப்பவள் மாதிரி வைத்துக்கொண்டாள்.

"நீயாவது ஓடியிருக்கலாமேடி."

நடுக்கம் நிற்கிறவரை இருவரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அது லேசில் நிற்கவில்லை.