கிச்சாப்புக்குப் போட்ட வாய்க்கரிசி

பரஞ்சோதி அண்ணனுக்கு வாய்க்கரிசி போட நின்ற வரிசையில் நான் கடைசிக்கு முந்தின ஆள். கடைசி ஆள் தினேஸ்வரன். பீடோங்கில் அண்ணன் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு இருவரும் செமிலிங் பல்கலைக்கழகத்தில் படிக்கிறோம். அந்த வீட்டுக்கு நாங்கள் உறவும் இல்லை, அந்நியமும் இல்லை. அண்ணன் மனைவி நவமணி அக்கா உலையில் கூடுதலாகப் போடும் இரண்டு டின் அரிசி, அவ்வளவுதான்.

கூலிம் ஹைடெக் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்த அண்ணன், வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார். நிமிரவில்லை. ஐம்பத்து மூன்று வயது. பிள்ளைகள் கிடையாது. கிச்சாப் என்று ஒரு பூனை உண்டு. சோயா சாஸ் நிறம், அதனால் அந்தப் பெயர்.

என் முறை வந்தபோது குனிந்து அவர் உதட்டில் அரிசியைப் போட்டேன். எனக்கு முன்னால் யாரோ ஊற்றிய பால் உள்ளே இறங்காமல், வாயோரமாக வழிந்து காதுவரை போயிருந்தது. என் விரலில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டு நின்றது. பெட்டிக்குக் கீழே, தலைமாட்டு விளக்குக்குப் பக்கத்தில் கிச்சாப் உட்கார்ந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துக் கொட்டாவி விட்டது.

“சொந்தக்காரவுங்கள்ல ஒரு ஆளு விட்டுப்போச்சுடா,” என்று தினேஸ்வரனிடம் முணுமுணுத்துவிட்டு, அந்த அரிசியை அதன் வாயில் போட்டேன்.

தினேஸ்வரன் மூக்கால் சிரித்து, சிரிப்பைப் பாதியில் இருமலாக மாற்றினான். கிச்சாப் வாயை மூடிக்கொண்டது. துப்பவில்லை.

நல்ல வேடிக்கை என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. சாவு வீட்டில் அடக்கிக்கொள்ளும் சிரிப்புக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு மயானத்திலிருந்து திரும்பிய பிறகுதான், பூனைத் தட்டில் இருந்தது அப்படியே இருப்பதைக் கவனித்தேன். தண்ணீர்க் கிண்ணத்தில் தூசி ஆடை கட்டியிருந்தது. கிச்சாப் விளக்கின் பக்கத்தில் படுத்திருந்தது. அண்ணன் கிடந்த அதே இடம்.

“எசமான் போயிட்டாருல்ல, காசியான்லா, பாவம், ஏங்குது,” என்றான் தினேஸ்வரன். “பசிச்சா தானா திங்கும்.”

பசிக்கவில்லை. கோழியை அவித்து வைத்தேன். நெத்திலியை வறுத்து வைத்தேன். பாசாருக்குப் போய் கெம்போங் மீன் வாங்கிவந்து பொரித்தேன். அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டுப் பூனைகள் மூன்றும் வேலிக்கு வந்து நின்று மனு கொடுத்தன. கிச்சாப் மூக்கைக்கூட அசைக்கவில்லை. பீடோங்கில் சர்க்கரைப் பொட்டலத்தைக் கண்ணால் பார்த்தாலே எறும்பு வரும். கிச்சாப்பின் பக்கத்தில் வைத்த மீனுக்கு ஓர் எறும்பும் வரவில்லை.

அக்கா எதையும் கேட்கவில்லை. நான் தட்டை வைப்பதையும் எடுப்பதையும் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் சுங்கை பட்டாணிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஷீலா வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. தெர்மாமீட்டர் வைத்தவர் அதை வெளியே எடுத்துப் பார்த்தார், உதறினார், வேறொன்றை வைத்தார்.

“ரூம்ல ஏர்கான் எவ்வளவு வச்சிருக்கோம்?” என்று உதவியாளரைக் கேட்டார்.

“இருபத்தி நாலு, டாக்டர்.”

டாக்டர் கையிலிருந்ததை மறுபடி ஒருமுறை படித்தார். அதிலும் இருபத்து நாலுதான். “இதுவும் கெட்டுப்போச்சு போல,” என்றார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். இதயம் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. “தம்பி, சிரிஞ்சில ஊட்டுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, அஞ்சு மில்லி. விடாதீங்க. ஏற்கெனவே மூணரை கிலோதான் இருக்கு.”

விடவில்லை. வகுப்பை விட்டேன், சிரிஞ்சை விடவில்லை. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கடைவாயில் ஊசியில்லாத சிரிஞ்சை நுழைத்து மெதுவாக அழுத்துவேன். கிச்சாப் எதிர்க்கவே இல்லை. நகத்தை நீட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். தண்ணீர் உள்ளே போனதுபோல் இருக்கும். பிறகு வாயோரத்தில் தோன்றி, கன்னத்து முடியில் ஒரு கோடு போட்டு, காதுவரை போகும்.

அந்தக் கோட்டை எங்கே பார்த்தேன் என்று நினைவு வந்தபோது சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. எங்கே படுக்க வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் அது தலையை ஒரே பக்கம் திருப்பிக்கொண்டது. சோபாவில் வைத்தேன், கூடையில் வைத்தேன், எங்கள் அறையில் தினேஸ்வரனின் தலையணையில் வைத்தேன். நான் அறிவியல் படிக்கிறவன். கைப்பேசியில் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன். தெற்கு.

“போன் கெட்டுப்போயிருக்கும்லா,” என்றான் தினேஸ்வரன்.

“தெர்மாமீட்டரும் கெட்டுப்போச்சு, போனும் கெட்டுப்போச்சு. இந்தப் பூனைகிட்ட வர்ற சாமான் எல்லாம் ஏன்டா கெட்டுப்போவுது?”

அவன் தலையணையை எடுத்து எனக்கே கொடுத்துவிட்டான்.

பதினோராம் நாள் காலையில் பக்கிரிசாமி பண்டாரம் கருமாதிக்கு வாங்க வேண்டிய சாமான்களை எழுதித்தர வந்தார். அக்கா உள்ளே காப்பி கலக்கிக்கொண்டிருந்தார். பண்டாரம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கிச்சாப்பைப் பார்த்தார். அன்று பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாருக்கும் அரிசித் தட்டை நீட்டியவர் அவர்தான்.

“சாப்புடுதா?” என்றார்.

“இல்லீங்க.”

“தண்ணி?”

“இல்லீங்க.”

“நீ போட்டத நான் பாத்தேன்.”

எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. எப்போதும் இருக்கும். அன்று அது வாயை விட்டு வரவில்லை. “விளையாட்டுக்குப் போட்டேன் ஐயா,” என்றேன்.

“நீ விளையாண்டே. அது விளையாடலயே. வாய்க்கரிசி வாங்கினா அதோட சாப்பாடு முடிஞ்சுபோச்சு தம்பி. கடைசிச் சோறு அதான்.”

“இப்ப என்னாங்க செய்யறது?”

“எனக்கு என்னா தெரியும்? முப்பது வருசமா சாவுக்குப் போறேன். குடிச்சிட்டு வந்து பொணத்துகிட்ட சண்ட போட்டவன பாத்திருக்கேன். பூனைக்குப் போட்டவன் நீ ஒருத்தந்தான்.” மறுபடி பேனாவைத் திறந்தார். “பதினாறு அன்னிக்கு அவர அனுப்பறேன். அனுப்பறப்ப அரிசி வாங்குனது எதெல்லாம் போகும்னு எனக்குச் சொல்லத் தெரியல. அவரு ‘வேணாம், நீ வராதே’ன்னு சொன்னா உண்டு. மூணு முழம் கதம்பம்னு எழுதியிருக்கேன், நாலா வாங்கிரு.”

ஐந்து நாள் இருந்தது. அன்று மத்தியானமே அக்காவிடம் சொல்லிவிட முடிவுசெய்தேன். அறையைக் காலி செய் என்பார், அல்லது அழுவார், இரண்டுக்கும் தயாராகத்தான் போனேன். அவர் அண்ணனின் வேலைச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

“அக்கா, கிச்சாப் சாப்புடாததுக்கு நான்தான் காரணம். அன்னிக்கு...”

“அரிசி போட்டே. தெரியும்.”

“பாத்தீங்களா?”

“பொணத்துக்குத் தலைமாட்டுல ஒக்காந்திருந்தவ நான். எனக்கு வேற எங்க தம்பி பாக்கத் தோணும்?” காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். “அன்னிக்கு முழுக்க அந்த ஒரு காரியந்தான் எனக்கு மனசுக்கு நல்லா இருந்திச்சு.”

எனக்குப் புரியவில்லை. அவர் சாவதானமாகச் சொன்னார்.

“அவருக்கு ஒண்டியா எங்கயும் போகத் தெரியாது. பெண்டாங்ல அவுங்க தங்கச்சி வீடு, முக்கா மணி நேரம். அதுக்குக்கூட என்னைய இழுத்துக்கிட்டுத்தான் போவாரு. நீ போட்டதப் பாத்ததும், இந்தப் புள்ளைக்கு எப்படித் தெரிஞ்சிச்சு, கூட ஒரு ஆள அனுப்பணும்னு, அப்படின்னு நெனச்சேன். என்னால போக முடியல. அதுவாவது போகட்டுமே.”

“அக்கா, நான் அப்படியெல்லாம் நெனச்சுப் போடல. அது சும்மா...”

“நீ எப்படி நெனச்சிருந்தா என்னா. போட்டாச்சில்ல.”

“அது சாகுதுக்கா.”

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் ஒரு கணம் அதிகமாக நின்றது. “ஏன், எனக்குக் கண்ணு தெரியலயா?” என்றார்.

அப்போதுதான், இத்தனை நாளில் அவர் ஒருமுறைகூட அந்தப் பூனைக்கு ஒரு வாய் நீட்டவில்லை என்பது எனக்கு உறைத்தது. நான் ஒருபக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். மறுபக்கம் இழுக்க ஆளே தேவைப்படவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே போதுமாயிருந்தது.

அதன் பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து மில்லி ஊட்டினேன். ஐந்து மில்லியும் காதுக்குப் போனது. பதினைந்தாம் நாள் டாக்டர் ஷீலா எடை பார்த்தார். இரண்டு கிலோ எழுநூறு. நாளைக்கு வாருங்கள் என்று வழக்கமாகச் சொல்கிறவர், அன்று என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

பதினாறாம் நாள் உச்சிவெயிலில் படையல். அண்ணனின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, அவருக்குப் பிடித்ததையெல்லாம் அக்கா தன் கையாலேயே வைத்தார்: ஆட்டுக்கறி, பொரித்த கெம்போங், ரசம், ஒரு டின் பியர், சிகரெட் பெட்டி. பிறகு கிச்சாப்பைத் துண்டோடு தூக்கிவந்து இலைக்குப் பக்கத்தில் கிடத்தினார். அது திரும்பவேண்டிய அவசியம் இல்லை; தலை தெற்கேதான் இருந்தது. விலாவெலும்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க நான் குனிய வேண்டியிருந்தது.

பண்டாரம் சூடம் காட்டிவிட்டு, “எல்லாரும் வெளிய போங்க. அவரு சாப்பிடட்டும். கூப்பிடறப்ப வந்தா போதும்,” என்றார்.

எல்லாரும் நகர்ந்தார்கள். நான் நகரவில்லை.

“அண்ணே,” என்றேன். வாசலில் உறவுக்காரர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். “அது ஒங்க கூட வர்றதுக்காக நான் போடல. ஒங்க சாவுல நான் கிண்டல் பண்ணேன். தப்பு என்மேல. வேணும்னா என்னைய ஏதாவது செஞ்சுக்குங்க, அத விட்டிருங்க.”

கிண்டல் இல்லாமல் நான் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். கேட்டவர் படத்தில் இருந்தார். தினேஸ்வரன் சிரிக்கவில்லை. நவமணி அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, பதினாறு நாளில் முதல்முறையாக.

பண்டாரம் கதவைச் சாத்தினார். பின்கதவு காலையிலிருந்தே பூட்டித்தான் இருந்தது. போர்ச்சில் நின்ற நாங்கள் பதினோரு பேர். நான் இரண்டுமுறை எண்ணினேன். காருக்குக் கீழே நிழல் ஒடுங்கிக் கிடந்தது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே இலை சரசரத்தது. வெறும் தரையில் ஒரு கனமான ஆள் சம்மணம் போட்டு அமரும்போது விடும் மூச்சு கேட்டது. பெரியம்மா ஒருவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பண்டாரத்தின் உதடுகள் அசைவதை நிறுத்தின. முப்பது வருட அனுபவத்தில் இது சேர்ந்ததில்லை என்று அந்த முகத்தில் தெரிந்தது.

அப்புறம் உள்ளங்கையால் தரையில் ஓங்கி அடிக்கும் சத்தம். பட். இன்னொன்று. பட்.

ஜன்னல் கம்பிக்கு இடையிலிருந்து கறுப்பாக ஏதோ வந்து செருப்புகளின் மேல் விழுந்தது. ஆறு நாளாக எழுந்து நிற்காத கிச்சாப். வாயில் பாதிக் கெம்போங் இருந்தது. எங்கள் யாரையும் மதிக்காமல் காருக்கு அடியில் ஓடி, முள்ளோடு மென்று தின்றது. பக்கத்தில் போன தினேஸ்வரனைப் பார்த்து உறுமியது. நகம் பட்டு அவன் முட்டியில் ரத்தம் வந்தது. அவன் அதை என்னிடம் காட்டிச் சிரித்தான்.

நவமணி அக்கா மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்புடறப்ப அது இலைகிட்ட வந்தா அவருக்குப் புடிக்காது,” என்றார், யாரிடமும் இல்லாமல். “தரையத் தட்டி வெரட்டுவாரு.” பிறகு, “அப்ப ஒண்டியாத்தான் போறாரு,” என்றார்.

பண்டாரம் தொண்டையைச் செருமினார். “நேரம் ஆச்சும்மா. தொறந்து, தேங்கா ஒடச்சு, அனுப்பிறலாம்.”

கிச்சாப் மீனை முடித்துவிட்டு, வெளிக்குழாயின் கீழிருந்த பிளாஸ்டிக் கிண்ணத்துக்குப் போய்த் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. நாக்குச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு அதன் பக்கத்தில் குந்தினார்.

“அது குடிச்சு முடிக்கட்டும் பண்டாரம்.”

நாங்கள் காத்திருந்தோம். உள்ளே கரண்டி பாத்திரத்தில் இடிப்பதுபோல் ஏதோ மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கிண்ணம் காலியானது. அக்கா எட்டிக் குழாயைத் திறந்து, மறுபடி விளிம்புவரை நிரப்பினார்.