கரும்பு உருவிய காரணம்

தீர்த்தம்மாளின் மகன் ஏன் திருடினான் என்று கேட்டெழுத நன்னடத்தை அதிகாரி குப்புராஜ் தருமபுரியிலிருந்து வந்திருந்தார். அவர் நல்லவிதமாக எழுதினால் கோர்ட்டு சென்றாயனை வீட்டுக்கு அனுப்பும், இல்லாவிட்டால் ஜெயில். தீர்த்தம்மாள் கும்பிடாத சாமி பாக்கியில்லை.

பதினெட்டு வயசுப் பயல் அப்படி என்ன செய்துவிட்டான்? பாலக்கோடு ஆலைக்குப் போகிற வண்டியிலிருந்து கரும்பு உருவினான். மாரண்டஹள்ளி ரோட்டில் யாரும் செய்யாத காரியமா அது! வண்டிக்கார மாதையன் புகார் கொடுத்துவிட்டான், அவ்வளவுதான்.

அதிகாரி விசாரிக்க வந்ததும் ஊரே மேதாவியாகிவிட்டது. அப்பன் இல்லாத பிள்ளை, கண்டிக்க ஆளில்லை என்றார் ஒருவர். சினிமா பார்த்துக் கெட்டான் என்றார் இன்னொருவர். மழையுமில்லை, வேலையுமில்லை, பசித்த வயிறு என்ன செய்யும் என்று மளிகைக்கடை நூர் பாஷா இரக்கப்பட்டார். குப்புராஜ் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். ஒண்டியாக நின்று வளர்த்த தீர்த்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"மணியக்காரர் மவன் அர்ச்சுனனும் கூடத்தாங்க உருவுனான். அவுங்க வூட்ல அது வெளையாட்டுங்க. எங்க வூட்ல திருட்டுங்க. அது ஏன்னு அதையும் எழுதிக்குங்க சார்."

"கேஸுல அந்தப் பேரே இல்லையேம்மா?"

"எப்படிங்க இருக்கும்?"

குப்புராஜ் காகிதத்தை மடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். மனசு கேட்காமல் அவளும் ரோடு வரைக்கும் கூடவே நடந்தாள்.

கரும்பு வண்டி ஒன்று ஆடி அசைந்து கடந்தது. ஏதோ யோசனையிலேயே மனுஷர் கையை நீட்டி ஒரு கரும்பை உருவினார். முழங்காலில் வைத்து ஒடித்து ஒரு கடியும் கடித்துவிட்டார். அப்புறம்தான் தீர்த்தம்மாள் பக்கத்தில் நிற்பது நினைவு வந்தது. அட, அவர் மூஞ்சி போன போக்கைப் பார்த்திருக்க வேண்டுமே!

"கடத்தூர்ல படிச்சப்போ வந்த பழக்கம்மா. கை தானாப் போயிருச்சு" என்றார்.

வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். சாட்சாத் அதே மாதையன்! சலவைச் சட்டையைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"நல்லாச் சாப்புடுங்க சார். இன்னொன்னு தரட்டுங்களா?"

தீர்த்தம்மாள் அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். குப்புராஜ் கரும்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காகிதத்தைப் பிரித்தார். எழுதிய காரணங்களை எல்லாம் சரக் சரக்கென்று அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதினார்.

"என்ன எழுதுனீங்க சார்?" அவள் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"இந்த ரோட்டுல கரும்பு உருவாத ஆளில்லைன்னு எழுதிருக்கேம்மா. என்னையும் சேத்துத்தான்."

திங்கட்கிழமை சென்றாயன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். தீர்த்தம்மாள் நடுரோட்டிலேயே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.