துளசி மாடத்துக்குக் கீழே

ஊற்றிலிருந்து வரும் பீலிக் குழாயில் பிடித்த தண்ணீரைப் பூரணி முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே கீழே கொட்டினாள். அவள் மகள் செல்லம் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வயிற்றோட்டத்தில் துவண்டு கிடந்தாள். லயத்து வரிசை வீடுகளில் இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கும் அதே கதி. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடு என்கிறார் டாக்டரையா. பீயைக் கொதிக்க வைத்தால் பாலாகிவிடுமா?

பீலிக்கு மேலே, மேட்டில், பெரிய கங்காணி பொன்னையாவின் வீடு. போன வருடம் அவர் வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் கட்டினார். அட்டன் டவுனிலிருந்து வந்த கொத்தனார் பாஸ் அதற்கு வாசலில் சீமெந்துத் தொட்டி கட்டினான். குழி வெட்டியவர்கள் லயத்து ஆண்கள். கல் சுமந்தவர்கள் பூரணியும் மற்றப் பெண்களும். "தொட்டி நெறஞ்சா மூடியத் தெறந்து அள்ளணும். வெளிய வார தண்ணி வத்துறதுக்குக் கீழ ஒரு கல்லுக் குழி வெட்டணும்" என்று பாஸ் படித்துப் படித்துச் சொன்னதை அவள் காதாரக் கேட்டிருந்தாள். கங்காணி கேட்டால்தானே? கல்லுக் குழிக்கான இடத்தில் கோவா முட்டைக்கோஸ் நட்டார். வாசலில் கக்கூஸ் மூடி தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று, மூடியின் மேலேயே செங்கல் அடுக்கித் துளசி மாடம் கட்டிவிட்டார். தொட்டிக் குழாய் மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் வாயைத் திறந்து கிடந்தது. கான் போய் விழுவது பீலி ஊற்றில்.

பூரணி ஒரு செம்பில் பீலித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மேடேறினாள். வழியில், கக்கூஸ் கழுவும் வாசக்கூட்டி சோலைமலையைத் தொட்டி திறக்கக் கூப்பிட்டாள்.

"நா வரல ஆத்தா. பத்துச்சீட்டக் கையில குடுத்து வேலைய விட்டு அனுப்பிருவாரு" என்றார் அவர்.

"அப்ப கடப்பாரையக் குடுங்க."

வாங்கிக்கொண்டு நடந்தாள். லயத்துப் பெண்கள் மண்வெட்டியும் கூடையுமாகப் பின்னால் வந்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. கங்காணியின் மனைவி நாகலெட்சுமி துளசியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கக் கிளம்பிய கங்காணி, கோட்டும் தலைப்பாகையுமாக வெளியே வந்தார்.

"என்னாடி கூட்டம்?"

"தொட்டி நெறஞ்சு பீலிக்கு வருதுங்க. மூடியத் தெறக்கணும்."

"சாமி இருக்குற எடத்துல கடப்பாரையா? கார்த்திக போகட்டும்."

"கார்த்திக போற வரைக்கும் எம்புள்ள இருக்கணுமுங்களே."

"பீலி நாறுனா ஆத்துல போயி மொள்ளு. காலு இல்லியா?"

"எங்களுக்குக் காலு இருக்குதுங்க" என்றாள் பின்னாலிருந்த வேலாயி. "ஒங்க வீட்டு ஆளுகளுக்குத்தான் இல்ல போல. அதான் கக்கூச வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீங்க."

பெண்கள் சிரித்தார்கள். பூரணி சிரிக்கவில்லை. செம்பை நாகலெட்சுமியிடம் நீட்டினாள்.

"பீலித் தண்ணிங்கம்மா. சாமிக்கு ஊத்துங்க."

வாங்கிய நாகலெட்சுமி சட்டென்று முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"சாமிக்கு ஆகாதது எம்புள்ளைக்கு ஆகுமாங்க?"

கங்காணி செம்பைத் தட்டிவிட்டார். அது உருண்டு போய்க் கானில் விழுந்தது. பூரணி குனிந்து, துளசியை வேரும் மண்ணுமாகத் தோண்டி எடுத்து நாகலெட்சுமியின் கைகளில் வைத்தாள்.

"சாமிய நல்ல எடத்துல வைங்க."

பிறகு கடப்பாரையை ஓங்கி மாடத்தில் இறக்கினாள். செங்கல் சிதறியது. கங்காணி அவள் கையைப் பிடிக்கப் பாய்ந்தார். நாலு பெண்கள் குறுக்கே நின்றார்கள். மூடியை நெம்பித் தூக்கியதும் கிளம்பிய வாடை திறந்திருந்த கதவு வழியே நேரே அவர் வீட்டுக்குள் போனது.

"துரைகிட்ட சொல்லி ஒம்பேர வெட்டுறேன் பாரு" என்று மூக்கைப் பொத்தியபடியே அவர் இறங்கி ஓடினார்.

"சொல்லுங்க. எதுக்கு ஒடைச்சேன்னும் சேத்துச் சொல்லுங்க."

பெண்கள் கல்லுக் குழி வெட்டக் கோவாப் பாத்தியில் இறங்கினார்கள். முதல் வெட்டு ஒரு கோவாவை இரண்டாகப் பிளந்தது. சோலைமலை வாளியோடு மெதுவாக மேடேறி வந்தார்.

சாயங்காலம் பூரணி ஆற்றில் மொண்டு காய்ச்சிய தண்ணீரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். செல்லம் ரெண்டு மடக்குக் குடித்தாள், வாந்தி எடுக்கவில்லை. பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, ஒங் கை நாறுது."

"எங் கை இல்லடி" என்றாள் பூரணி. "கங்காணி வீடு."