நிலாவைச் சுற்றி ஒரு நீலக் கோடு

"நிலாவுல காத்து இருக்கு" என்றபடி கடைக்குள் நுழைந்தார் ஸ்டூடியோக்காரர்.

அவர் மனைவி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "முதல்ல நம்ம கடையில இருக்கான்னு பாருங்க. ஃபேன் நேத்துலேருந்து சுத்தல."

"விளையாடாதே. இதைப் பாரு."

புதிதாகப் போட்ட பெரிய பிரிண்டை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். கறுப்பு வானம், நடுவில் முழு நிலா. செகண்ட் ஹேண்டில் வாங்கிய தொலைநோக்கியின் பின்னால் கேமராவை மாட்டி, பத்து நாள் முன்பு மொட்டைமாடியில் அவரே எடுத்தது. நிலாவின் ஓரத்தைச் சுற்றி, முடியளவு கனத்தில், வெளிர்நீலமாக ஒரு கோடு ஓடியது.

"விண்வெளியிலேருந்து பூமியை எடுத்தா ஓரத்துல இப்படித்தான் நீலமாத் தெரியும். அது காத்து. அப்போ இது என்ன? ஒரு படம்னா பரவாயில்ல, பதினேழு படத்திலயும் இருக்கு!"

"லென்ஸைத் துடைச்சீங்களா?"

"துடைச்சேன்."

"எதால?"

அவர் சட்டை நுனியை உள்ளே செருகிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நூலக மாடியில் வான் பார்ப்போர் சங்கத்தின் கூட்டம். அதில் அவர்தான் பேச்சாளர். சங்கத் தலைவரான பல் டாக்டர் நோட்டீஸே ஒட்டிவிட்டார்: 'நிலவில் வளிமண்டலம்? நம் ஊர் புகைப்படக் கலைஞரின் சான்று!' அந்தக் கேள்விக்குறி டாக்டர் போட்டது. அதை எடுக்கச் சொல்லி இவர் இரண்டு தடவை போன் செய்து பார்த்துவிட்டார்.

இருபது வருடமாக அவர் பேச்சு முழுவதும் 'மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க' என்பதோடு முடிந்துவிடும். வீட்டு விசேஷங்களில்கூட அவரை யாரும் ஒரு கருத்துக் கேட்டதில்லை. குரூப் போட்டோ எடுக்க மட்டும் தேடுவார்கள். நாளைக்கு நாற்பது பேர் அவர் வாயைப் பார்த்து உட்காரப் போகிறார்கள். முந்தின வாரமே புதுச் சட்டை தைத்தாகிவிட்டது.

அன்று காலை பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார் சகலை. மனைவியின் அக்கா கணவர், பள்ளியில் அறிவியல் ஆசிரியர். எதைச் சொன்னாலும் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்பதால் மாணவர்கள் வைத்த பெயர் ஆதாரம் சார். உறவுக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன சகலை, நிலாவுல போய் இறங்கிட்டீங்களாமே? நோட்டீஸ் பார்த்தேன். ஆதாரம் எங்கே?"

ஸ்டூடியோக்காரர் பிரிண்டை நீட்டினார்.

சகலை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். "நிலாவுல காத்து இல்லன்னு நான் இருபத்திரெண்டு வருஷமாப் பாடம் நடத்தறேன்."

"அத்தனை பசங்களையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுடுங்க."

வழக்கமாக இந்த இடத்தில் சகலை திருப்பி ஒன்று கொடுப்பார். இன்று கொடுக்கவில்லை. படத்தில் ஒரு காப்பி கேட்டு வாங்கி, பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வந்த வேலையைச் சொன்னார். பள்ளி அடையாள அட்டைக்குப் போட்டோ வேண்டும். பின்னணி கருநீலமாக இருக்க வேண்டுமாம். ஸ்டூடியோக்காரர் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, மோவாயைத் தூக்கச் சொல்லி எடுத்து அனுப்பினார்.

மூன்று மணிக்கு மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன். எங்க அத்தானுக்கு வளிமண்டலம் இருக்கு."

திரையில் ஆதாரம் சார். தலையில் ஒரு முடி கிடையாது. வழவழவென்று உருண்ட அந்தத் தலையின் ஓரத்தைச் சுற்றி, முடியளவு கனத்தில், வெளிர்நீலமாக ஒரு கோடு.

ஸ்டூடியோக்காரர் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

அடையாள அட்டைப் படங்களில் கறுப்புத் தலைமுடி கருநீலப் பின்னணிக்குள் கரைந்துபோகிறது என்று பள்ளிக்கூடங்கள் குறை சொன்னதால், மூன்று வருடம் முன்பு அவள்தான் கம்ப்யூட்டரில் அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தாள். 'இன்று' என்ற ஃபோல்டரில் எந்தப் படத்தைப் போட்டாலும், அதுவே முகத்தைத் தேடிப் பிடித்து, ஓரத்தில் ஒரு நீலக் கோடு இழுத்துவிடும். தினம் பார்த்துப் பழகியதில் இருவருமே அதை மறந்துவிட்டிருந்தார்கள்.

"நிலாப் படத்தையெல்லாம் எந்த ஃபோல்டர்ல போட்டீங்க?"

"இன்னிக்கு எடுத்ததை 'இன்று'லதானே போடுவாங்க?"

வட்டமாக, வெளிச்சமாக, இருட்டுப் பின்னணியில் ஓர் உருவம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நிலாவும் அட்டைக்கு வந்த இன்னொரு ஆள்.

கேமராவின் மெமரி கார்டைச் செருகி மூலப்படங்களைத் திறந்தார்கள். பதினேழிலும் நிலாவின் ஓரம் பிளேடால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தது.

"காய்ச்சல்னு சொல்லிடலாம்" என்றாள் மனைவி. "டாக்டராச்சேன்னு பயப்படாதீங்க. அவருக்குப் பல்லுதான் தெரியும்."

அவர் தலையாட்டப் போன நேரத்தில் போன் அடித்தது. சகலை.

"சகலை! நாளைக்கு எங்க ஹெட்மாஸ்டரையும் கூட்டிட்டு வர்றேன். ஆதாரத்தை நானே பார்த்துட்டேன், உறுதி, இனி பாடத்தையே மாத்தணும்னு சொல்லிட்டேன். முதல் வரிசையில ரெண்டு நாற்காலி போட்டு வையுங்க!"

போன் வைக்கப்பட்டது.

"இத்தனை வருஷத்துல முதல் தடவையா என்னை நம்பியிருக்கார்" என்றார் ஸ்டூடியோக்காரர் பரிதாபமாக.

"நம்பினதுதான் நம்பினார், வேற ஒரு நாள் பார்த்து நம்பியிருக்கக் கூடாதா?"

காய்ச்சல் யோசனை அதோடு போயிற்று. தான் வராமல் போனால், அந்தப் படத்தைப் பையிலிருந்து எடுத்து சகலையே மேடையேறிவிடுவார்.

ஞாயிறு மாலை நூலக மாடி நிரம்பியிருந்தது. புரொஜெக்டர் பக்கத்தில் மனைவி. புதுச் சட்டையின் காலர் கழுத்தை அறுக்க, ஸ்டூடியோக்காரர் எழுந்தார்.

முதலில் நீலக் கோட்டு நிலா. கூட்டம் 'ஓ' என்றது. முதல் வரிசையில் சகலை தன் ஹெட்மாஸ்டரைப் பெருமையாகப் பார்த்தார்.

இரண்டாவதாக ஸ்டூடியோக்காரரின் முகம், கருநீலப் பின்னணியில்.

"இது நான். நேத்து சாயங்காலம் எடுத்தது. என்னைச் சுத்தியும் காத்து தெரியுது பாருங்க."

சிலர் சிரித்தார்கள். சிலர் இன்னும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக மூலப்படத்தைப் போட்டு, ஃபோல்டர் கதையை ஒளிக்காமல் சொன்னார். "கேமராவுல வந்ததைப் பார்க்காம, கடையில அலங்காரம் பண்ணினதைப் பார்த்துட்டேன். தப்பு என்னுது."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். "நிலாவுக்கு அட்டை குடுத்தாச்சா சார்?" என்று பின்வரிசையில் ஒரு குரல். அவர் காது சுட்டது. ஆனாலும் சிரித்துவைத்தார்.

ஹெட்மாஸ்டர் பக்கத்தில் திரும்பினார். "உறுதின்னு சொன்னீங்களே சார்?" மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் வகுப்பறைக் குரல், ஹால் முழுக்கக் கேட்டது.

சகலைக்குத் தலை வரை சிவந்தது. அவருடைய பதினைந்து வருடக் கிண்டலுக்குக் கணக்குத் தீர்க்க ஒரே ஒரு வார்த்தை போதும். ஸ்டூடியோக்காரரின் நாக்கு நுனிவரை அது வந்தது.

"சார்," என்றார் ஹெட்மாஸ்டரிடம், "ஆதாரம் எங்கேன்னு முதல்ல கேட்டதே எங்க சகலைதான். அப்புறம் அவரோட ஒரு படத்தை வச்சுத்தான் தப்பையே கண்டுபிடிச்சோம்."

இரண்டும் உண்மை. என்ன படம் என்று அவர் சொல்லவில்லை. புரொஜெக்டர் பக்கம் பலமாக ஒரு இருமல் கேட்டது. சகலை மூச்சை விட்டார்.

பல் டாக்டருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அப்போ நம்ம தொலைநோக்கியில நிலாக் காத்தைப் பார்க்கவே முடியாதா?"

"முடியாது டாக்டர். அங்க இருக்கிறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம், அதைக் காத்துன்னு சொல்றதே மரியாதைக்குத்தான். ஆனா காத்து இல்லாததைப் பார்க்கலாம். பார்க்கறீங்களா?"

சனிக்கிழமை மாலை முழுவதும் அந்தக் கார்டைக் குடைந்ததில், இரண்டு மாதம் முன்பு எடுத்து மறந்துபோன ஒரு வீடியோ கிடைத்திருந்தது. பாதி நிலா. அதன் இருட்டுப் பக்கத்துக்கு வெளியே ஒரு நட்சத்திரம்.

"நிலா நகர்ந்து வந்து இந்த நட்சத்திரத்தை மறைக்கப் போகுது. சுத்திக் காத்து இருந்தா, சாயங்காலச் சூரியன் மாதிரி மங்கி மங்கித்தான் மறையணும். இல்லன்னா எப்படிப் போகும்னு நீங்களே பாருங்க."

மனைவி வீடியோவை ஓடவிட்டாள். நட்சத்திரம் கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டு நின்றது.

போயிற்று. மங்கலும் இல்லை, தேய்வும் இல்லை. சுவிட்சை அணைத்த மாதிரி.

"இருங்க, இருங்க" என்று பதறினார் ஹெட்மாஸ்டர். "அந்த நேரம் பார்த்து நான் கண்ணைச் சிமிட்டிட்டேன். இன்னொரு தடவை போடுங்க."

இரண்டாவது தடவை சகலை தவறவிட்டார். மூன்றாவது தடவை டாக்டர் தும்மினார். ஐந்தாவது தடவைக்குள் எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாய் திறந்து, திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் மேடையில் நிற்பதே யாருக்கும் நினைவில்லை. அவருக்கும்தான்.

"வருது, வருது" என்றார். "யாரும் கண்ணைச் சிமிட்டாதீங்க!"