வலது சிறகு மேலே

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மார்ச் மாதம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சீனி முகம்மதுவின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு மேல்மாடியில், மர அச்சு வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். பலகையில் ஏதாவது ஒரு பூச்சியைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்க வேண்டும். நான் எறும்பு செதுக்கினேன். ஐந்து கால்தான் வந்தது. ஆறாவது காலைத் தேடப் போய்க் கட்டைவிரலைச் செதுக்கிக்கொண்டேன். அப்போது பிளாஸ்திரி கொண்டுவந்து ஒட்டிவிட்டவள்தான் பிரமிளா. ஒட்டிக்கொண்டே பாதிக் கதையைச் சொன்னாள். மீதியை அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னாள். முன்பின் தெரியாத ஆளிடம் இவ்வளவு சொல்வார்களா என்று கேட்காதீர்கள். ரத்தத்தைப் பார்த்தால் சிலருக்குப் பேச்சு வரும்.

எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "சுவர்க்கோழி கத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில் பிரமிளா..." (கைவிட்டேன். சுவர்க்கோழி கத்தவில்லை என்பதுதான் கதையே.)

இரண்டாவது: "பூச்சிகளை மரத்தில் செதுக்கிப் பார்க்கும் ஆசை மனிதனுக்கு என்று தோன்றியதோ..." (இது கட்டுரை. கொட்டாவி வந்துவிட்டது, எழுதுகிற எனக்கே.)

மூன்றாவது: "தங்கராஜுவுக்குக் காது கேட்கவில்லை." (இது உண்மை. ஆனால் தங்கராஜு இதைப் படித்தால் சண்டைக்கு வருவார். அதனால் சுற்றி வளைத்துப் போகிறேன்.)

2

பிரமிளாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகக் குறை பார்க்கிற வேலை. லென்சுக்கு அடியில் வரும் சர்க்கியூட்டுகளில் எங்கே ஈயப் பற்று விட்டிருக்கிறது, எந்தச் சில்லு தலைமாறி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு தலைமாறிய சில்லுகூட வெளியே போனதில்லை என்று அவளே சொன்னாள்.

(இந்தக் கண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் எனக்குத் தலைவலி.)

அவள் கணவர் தங்கராஜு. பிறை என்ற ஊரில் இரும்புத் தகடு அடிக்கிற தொழிற்சாலையில் பிரஸ் பகுதிக்கு மேற்பார்வையாளர். அங்கே இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டார். நல்ல மனிதர், ஊரே சொல்லும். வீட்டில் டிவி மட்டும் பக்கத்து பிளாட் வரைக்கும் கேட்கும். பிரமிளா கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், "நீ வாய்க்குள்ளேயே பேசற" என்பார். பல வருடம் அவளும் அதை நம்பித் தன் குரலையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் அவர்கள் வீட்டு ஐஸ்பெட்டிக்குப் பின்னால் ஒரு சுவர்க்கோழி வந்து குடியேறியது. அந்தி சாய்ந்தால் போதும், ஆரம்பித்துவிடும். மூன்றாம் நாள் பிரமிளா அதைப் பிடித்து, மூடியில் ஓட்டை போட்ட ஜாம் போத்தலில் அடைத்து, அந்த மேல்மாடி அச்சுப் பட்டறையில் செதுக்கலாம் என்று கொண்டுபோய் வைத்தாள். அன்று சாயங்காலம் வீடு நிசப்தமாக இருந்தது. தங்கராஜு சோபாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே நின்று சும்மாதான் கேட்டாள் (சுவர்க்கோழிக்கு அவர்கள் வீட்டில் மலாய்ப் பெயர், செங்கெரிக்):

"ஏங்க, அந்த செங்கெரிக் இன்னிக்கும் கத்துதா?"

"கத்தாம? காது கிழியுது லா. நாளைக்கு மருந்து அடிச்சிரு."

கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கோபம் வரவில்லை என்று என்னிடம் சொன்னாள். பயம்தான் வந்ததாம்.

3

பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் தங்கராஜு அவளைக் கூட்டிப்போகப் பட்டறைக்கு வந்தவர், கீழே சீனி முகம்மதுவிடம் பேசிக்கொண்டிருந்தார். தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. மேல்மாடியில் பிரமிளாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

"பாய், போன வாரம் கதை தெரியுமா? ஃபோர்க்லிஃப்ட் பின்னால வருது, பீப் பீப்னு அடிக்குதாம். நான் பாட்டுக்கு நிக்கிறேன். கூட வேலை செய்ற ஹக்கீம் பையன் சட்டையைப் பிடிச்சு இழுத்தான் பாருங்க, ஒரு ஜாண்தான் பாக்கி!"

"அல்லா! காதைக் காட்டுங்கண்ணே டாக்டர்கிட்ட."

"வருசா வருசம் கம்பெனியிலேயே டெஸ்ட்டு வைக்கிறாங்க, பாய். கண்ணாடி சன்னல் வச்ச ரூம்பு. காதுல மாட்டிட்டு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும். வெளிய நோர்மான்னு ஒரு அம்மா சத்தத்தை விடும். விடறப்ப எல்லாம் வலது தோள் கொஞ்சம் இறங்கும். நான் தோளைப் பாத்து அமுக்கிடுவேன். அஞ்சு வருசமா பாஸ்!"

இருவரும் சிரித்தார்கள். சீனி முகம்மது சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்.

(தங்கராஜுவைத் திட்ட வேண்டாம். தேறாவிட்டால் பிரஸ் பகுதியிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைப்பார்கள். தன் கை வைத்து ஓட்டிய மெஷின்களை வேறொருவன் ஓட்டுவதைச் சன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். நானாக இருந்தாலும் தோளைத்தான் பார்த்திருப்பேன்.)

அடுத்த சோதனை ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை. அதில் அவர் உண்மையாக உட்கார வேண்டும். பிரமிளாவுக்கு வேண்டியது இவ்வளவுதான். எதிர்த்துச் சொன்னால் மனிதர் இன்னும் இறுகிப்போவார். அடுத்த தடவை ஹக்கீம் பக்கத்தில் இருப்பான் என்று யார் சொன்னது?

"நேரா சொன்னா ஏறாது. அதான் செதுக்கினேன்" என்றாள்.

எனக்கு இங்கே முதல் குழப்பம். காது கேட்காத மனிதருக்குச் சுவர்க்கோழியின் சத்தத்தைப் படமாகச் செதுக்கிக் கொடுத்தால் அவர் திருந்திவிடுவாரா? கதையில் ஒரு பெண் இப்படிச் செய்தால் நான் நம்ப மாட்டேன், அந்தப் பகுதியையே அடித்துவிடுவேன். அடித்தும் பார்த்தேன். அவளை நேரே பேச வைத்து ஒரு பகுதி எழுதினேன்: "உங்களுக்குக் காது போச்சுங்க, ஒத்துக்கோங்க என்று பிரமிளா கண்ணீருடன்..." (போதும். பிரமிளா அப்படி அழுகிறவள் இல்லை.)

4

தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். பிரமிளா செய்தது ஒரே பலகையில் மூன்று நிறம் எடுக்கிற முறை. முதலில் செதுக்கி வெளிர் மஞ்சள் ஒற்ற வேண்டும். பிறகு மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களை அதே பலகையிலிருந்து செதுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தில் பழுப்பு. பிறகு பழுப்பாக நிற்க வேண்டியதையும் எறிந்துவிட்டுக் கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் பலகை குறைந்துகொண்டே போகும், திரும்பிப் போக வழியே இல்லை. எத்தனை பிரதி என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். அவள் ஏழு தாள் எடுத்துக்கொண்டாள். மை தடவிய பலகையின் மேல் தாளை வைத்து, சோற்றுக் கரண்டியின் முதுகால் தேய்த்தாள்.

(நான் இந்தப் பத்தியையே நான்கு முறை அழித்து எழுதினேன். அவளைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

சுவர்க்கோழி வாயால் கத்துவதில்லை. மேலே இருக்கிற சிறகின் அடியில் அரம் மாதிரி ஒரு பல் வரிசை உண்டு. அதைக் கீழ்ச் சிறகின் விளிம்பில் உரசும். அந்த அரம் மேலிருந்து பார்த்தால் தடித்த ஒரு நரம்பாகத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை லென்சுக்கு அடியில் போத்தலை வைத்தே அவள் அதைப் பார்த்திருக்கிறாள். கடைசிக் கறுப்பில் அந்த நரம்பைத்தான் அழுத்தமாகக் கொண்டுவர நினைத்தாள். ஐஸ்பெட்டிக்கு மேல் மாட்டி, "இதுதாங்க கத்துது, உங்களுக்குத்தான் கேக்கல" என்று காட்ட வேண்டும்.

இன்னொன்று. எதைச் செதுக்கினாலும் தாளில் இடம் வலமாகத்தான் விழும். அதனால் தாளில் வரைந்து, திருப்பிப் போட்டு, பலகையில் படி எடுக்க வேண்டும். இதை எனக்கு முதல் பாடமாகச் சொன்னதே பிரமிளாதான். ஆனால் சுவர்க்கோழியை வரைந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போத்தலை எதிரே வைத்து, பார்த்துப் பார்த்து, பென்சிலால் நேரே பலகையில் வரைந்தாள்.

5

பழுப்பும் ஒற்றியாகிவிட்டது. ஏழு தாள்களும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து மேசையில் நிலானி, பல்கலைக்கழகத்தில் பூச்சி ஆராய்ச்சி செய்கிற பெண், தன் அந்துப்பூச்சிக்கு மை உருட்டிக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து கொடிக்கு முன்னால் நின்றாள். தங்கராஜு அப்போதுதான் எண்ணெய் கசிந்த இரண்டு சோற்றுப் பொட்டலத்தோடு மேலே ஏறி வந்தார்.

"அக்கா, இதை எதைப் பாத்துக் கீறினீங்கள்?" என்றாள் நிலானி. (அவர்கள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். வரைவதை அவர்கள் கீறுவது என்பார்கள்.)

"போத்தல்ல இருந்துச்சே, அதைத்தான்."

"அது சுவர்க்கோழி. அதுக்கு வலது சிறகுதான் மேல இருக்கும். உங்கடதில இடது மேல கிடக்கு."

பிரமிளா தாளைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கராஜு நிலானியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடது மேல இருந்தா என்னம்மா?"

"இதால ஒழுங்காக் கத்த ஏலாது அண்ணே. அரமும் விளிம்பும் மாறிப் போயிரும். சிறகை ஆட்டும், ஆனா சத்தம் பெரிசா வராது."

பலகையில் பாதிக்கு மேல் போய்விட்டது, இனித் திருத்த முடியாது. ஏழு தாளிலும் ஏழு ஊமைச் சுவர்க்கோழிகள்.  பிரமிளா யாருக்குச் சத்தத்தைக் காட்ட நினைத்தாளோ அவர் கண்ணெதிரே நிற்கிறார்.

தங்கராஜு ஒரு தாளைக் கொடியிலிருந்து எடுத்தார். "கையில எண்ணெய், கை!" என்று அவள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு...

பிறகு என்ன சொன்னார் என்பதில் இரண்டாவது குழப்பம். பிரமிளா என்னிடம் சொன்னது இது. அவர் தாளைப் பார்த்துக்கொண்டே, அவர் வழக்கத்துக்கு ரொம்ப மெதுவாகச் சொன்னாராம்:

"அப்ப நம்ம வீட்ல இருந்தது இதுதான். எனக்கு இப்படித்தான் இருந்துச்சு."

ஒரு வாரம் கழித்து நிலானியிடம் கேட்டேன். "அவர் அப்பிடி ஒண்டும் சொல்லேல்ல. 'சோறு ஆறுது, வா' எண்டுதான் சொன்னார்" என்றாள். அவள் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். பூச்சிக்கு எத்தனை முள் என்று எண்ணுகிற பெண் பொய் சொல்லப் போவதில்லை. பிரமிளாவும் பொய் சொல்கிறவள் இல்லை. மனிதர் இரண்டையும் சொல்லியிருக்கலாம், ஒன்றை உரக்க, ஒன்றை மெதுவாக. தங்கராஜுவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாவது குழப்பம் இதைவிட மோசம். பிரமிளாவிடம் நேராகவே கேட்டேன்: தலைமாறிய சில்லு ஒன்றைக்கூட விடாத கண், இதை எப்படி விட்டது?

"அசந்துட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு என் கட்டைவிரல் தழும்பைப் பார்க்க ஆரம்பித்தாள். 

6

வியாழக்கிழமைக்கு மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்றில், தங்கராஜு வழக்கம்போல நோர்மாவின் தோளைப் பார்த்து அமுக்கிவிட்டு, "காது பிரமாதம்!" என்று வீட்டுக்கு வருகிறார். நடக்கக்கூடியதுதான். எழுதி முடித்ததும் ஃபோர்க்லிஃப்ட் ஞாபகம் வந்தது. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில், பிரமிளா முந்தின நாளே நோர்மாவுக்குப் போன் செய்து, "அந்தச் சன்னலை மறைச்சிருங்க" என்கிறாள். இதுவும் நடக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் எந்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

மூன்றாவதில், அவர் தானாகவே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருகிறார். இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. பிடித்ததாலேயே சந்தேகமாக இருக்கிறது. ஐந்து கால் எறும்பு செதுக்கிய கை இது.

உண்மையில் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். தெரியாது. நான் இதை எழுதிக்கொண்டிருப்பதே அந்த வியாழன் காலையில்தான். நேற்று மாலை பட்டறைக்குப் போனேன். ஏழு தாளும் கொடியிலேயே தொங்குகின்றன, கறுப்பு இன்னும் ஏறவில்லை. "வியாழன் முடியட்டும்" என்றாள் பிரமிளா. ஆறு தாள் சுத்தமாக இருக்கிறது. ஏழாவதின் ஓரத்தில் எண்ணெய்க் கட்டைவிரல் ஒன்று அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போடவில்லையா என்று கேட்டேன். அதுதான் ஐஸ்பெட்டிக்கு மேல் மாட்டப் போகிற தாள் என்றாள்.

மணி பத்து. பாயான் லெப்பாஸில் பிரமிளா லென்சுக்கு அடியில் குனிந்திருக்கிறாள். பிறையில் தங்கராஜு அந்தச் சிறிய அறைக்குள் போய்க் காதில் மாட்டிக்கொண்டு, பட்டனைக் கையில் எடுத்துவிட்டார். சன்னலுக்கு வெளியே நோர்மா உட்கார்ந்துவிட்டார். நாற்காலிக்குச் சக்கரம் உண்டு, காலால் லேசாகத் தள்ளினாலே திரும்பும். என் கை இதற்கு மேல் போகவில்லை, அதனால் நாற்காலியை உங்களிடம் விடுகிறேன். திருப்புவதானால் சீக்கிரம் திருப்புங்கள். நோர்மாவின் வலது தோள் இறங்கப் போகிறது.